'பர்மனென்ட் ஆயிடுமா தம்பி?' - லீவில் வந்த அக்னிவீரரிடம் ஊர் கேட்க மறந்த கேள்விகள்

விடியற்காலை. செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. ஒட்ட வெட்டிய முடி, தோளில் பச்சைப் பை, கையில் ஒரு சாக்குக் கட்டு. இறங்குகிறவனைப் பார்த்ததுமே டீக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. "என்னா தம்பி, லீவா? எத்தினி நாளு?" அடுத்த கேள்வி டீ ஆறுவதற்குள் வந்துவிடும். "ஆமா, பர்மனென்ட் ஆயிடுமா?"

இவனுக்குப் பெயர் எதற்கு? மானாம்பதி, சாலவாக்கம், பெருநகர், களியாம்பூண்டி என்று சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். 2023-ல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ராணுவத்தில் அக்னிவீரராகச் சேர்ந்த பையன் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூன்றாவது வருடம். வருடத்துக்கு 30 நாள்தான் லீவு. ரயிலிலேயே போக வர சில நாட்கள் போய்விடும். மிச்ச நாட்களில் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்த ஒரே கேள்விக்குத்தான் அவன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான்.

கேட்பவர்கள் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் 'மிலிட்டரிக்குப் போயிட்டான்' என்றால் கதை முடிந்தது. குறைந்தது 15 வருஷம் சர்வீஸ், பிறகு பென்ஷன், கேன்டீன் கார்டு, ஊரில் ஒரு மரியாதை. 2022 ஜூன் 14 அன்று மத்திய அரசு அக்னிபத் திட்டத்தை அறிவித்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. சிப்பாயாகச் சேர வேண்டுமானால் இனி அக்னிவீரராகத்தான் சேர வேண்டும். நான்கு ஆண்டு. அது முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஓர் அணியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வெளியே வரவேண்டும். முதல் அணியில் சேர்ந்தவர்களுக்கு அந்த நான்கு ஆண்டு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் நிறைவடைகிறது.

அதாவது நான்கு பேரில் ஒருவர். 'பர்மனென்ட் ஆயிடுமா?' என்ற கேள்விக்கு அந்தப் பையனிடம் பதில் இல்லை. அவனுடைய கமாண்டிங் ஆபீசரே இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. பதில் இல்லாத கேள்வியையே முப்பது நாளும் கேட்டுவிட்டு, பதில் இருக்கிற கேள்விகளைக் கேட்காமல் ரயிலேற்றி அனுப்பிவிடுகிறோம்.

பெரியப்பா வீட்டுத் திண்ணை

ஒவ்வொரு ஊரிலும் ஒரு 'மிலிட்டரிக்காரர்' இருப்பார். ஹவில்தாராகவோ சுபேதாராகவோ ஓய்வு பெற்று வந்தவர். காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் வேகநடை போவார். பஞ்சாயத்தில் கோபமாகப் பேசுவார். லீவில் வரும் பையன் முதலில் தேடிப்போக வேண்டியது இவரைத்தான். அவரும் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்: அவர் பார்த்த ராணுவம் வேறு, இவன் சேர்ந்திருப்பது வேறு. 'எங்க காலத்துல...' என்று ஆரம்பித்தால் பாதி விஷயம் இவனுக்குப் பொருந்தாது. அக்னிவீரருக்கு இந்த நான்கு ஆண்டுக்குப் பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, வெளியே வந்தால் 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் கிடையாது. 'அதான் எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டா இருக்கே' என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பிவிடக் கூடாது.

நல்ல சுபேதார் பெரியப்பா என்ன செய்வார்? அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து வரச் சொல்வார்.

"எத்தினியாவதுடா படிச்சே?"

"பன்னெண்டாவது பெரியப்பா."

"ட்ரேடு?"

"ஜி.டி."

"ஃபயரிங் எப்படி? ஓட்டம்?"

"ஓட்டம் நல்லா இருக்கு பெரியப்பா. ஃபயரிங்தான் சுமார்."

"சுமாரா... சரி. உனுக்கு அங்க இருக்கப் புடிச்சிருக்கா?"

கடைசிக் கேள்விக்குத்தான் பையன் சட்டென்று பதில் சொல்ல மாட்டான். மூன்று வருடமாக யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். பிடித்திருக்கிறது என்றால் நோட்டில் ஒரு பக்கம், இல்லையென்றால் வேறு பக்கம். இரண்டுமே கௌரவமான பக்கம்தான். நிரந்தரம் ஆகாமல் திரும்புவதை ஊர் 'ஃபெயில்' என்று பேச ஆரம்பித்தால், அந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டியவர் இந்தப் பெரியப்பாதான். அணியின் முக்கால் பங்கு பேர் வெளியே வருவது திட்டத்தின் அமைப்பே. அது யாருடைய தோல்வியும் அல்ல.

இதற்கு உத்திரமேரூர்க்காரர்கள் வெளியே எங்கும் உதாரணம் தேட வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். வாரிய உறுப்பினராக வருகிறவருக்கு வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், படிப்பு வேண்டும், கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது என்று அத்தனை நிபந்தனையும் அதில் இருக்கிறது. பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. பதவி முடிந்து இறங்கினவரை அன்றைக்கு யாரும் தோற்றவர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தகுதி, காலம், விதி எல்லாவற்றையும் ஊர் படிக்கும்படி கல்லில் வெட்டிவைத்தார்கள். இன்றைய விதிகள் இந்திய ராணுவத்தின் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில், அறிவிப்பு என்ற பெயரில் பத்து இருபது பக்கமாகக் கிடக்கின்றன. டீக்கடையில் கேட்டதை விட்டுவிட்டு அதைப் படிக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்து வராது

பணக் கணக்கில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தப்புச் செய்கின்றன. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அக்னிவீரரின் மாதச் சம்பளம் முதல் ஆண்டு 30,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. அதில் 30 சதவீதம் பிடித்து வைத்துவிடுவார்கள். கைக்கு வருவது முறையே 21,000, 23,100, 25,550, 28,000. பணியிடத்தைப் பொறுத்து அபாய, கடினப் படிகள் தனி. பிடித்த பணம் நான்கு ஆண்டில் 5.02 லட்சம் ஆகும். அதே அளவு தொகையை அரசும் போடும். வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய். இதுதான் 'சேவா நிதி'. இதற்கு வருமான வரி கிடையாது.

ஒரு வேடிக்கை. நான்கு வருடமும் மாதாமாதம் கைக்கு வந்த சம்பளத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள்: 11,71,800 ரூபாய். கடைசியில் மொத்தமாக வருவதும் அதே அளவுதான். மாதச் சம்பளம் வீட்டுச் செலவிலும் மொபைல் தவணையிலும் கரைந்தாலும், அதற்குச் சமமான ஒரு தொகை கடைசியில் காத்திருக்கிறது. அந்தத் தொகையின் மேல்தான் வீட்டில் எல்லோருக்கும் கண். தங்கச்சி கல்யாணம், ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தளம் போடுவது, அப்பா வாங்கின கடன். பையன் அடுத்த பரேடுக்குப் போவதற்குள் பணம் மூன்று பங்காகப் பிரிந்திருக்கும், மனக்கணக்கில்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. நிரந்தரப் பணிக்குத் தேர்வானவருக்கு அந்த 11.71 லட்சம் முழுதாக வராது. அவர் சம்பளத்தில் பிடித்த தொகையும் அதற்கான வட்டியும் மட்டும்தான் கிடைக்கும். அரசு போட்ட பங்கு வராது. ஆக, 'பையன் பர்மனென்ட்டும் ஆயிடுவான், பதினொன்றரை லட்சமும் வந்துடும்' என்று கணக்குப் போட்டு வரன் பார்க்கிற வீடு இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கும். இந்த உண்மையைக் கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே வீட்டில் சொல்லிவிட வேண்டும். பையன் சொன்னால் 'காசைத் தர மனசில்ல' என்று பேச்சு வரும். பெரியப்பா சொன்னால் எடுபடும். அவருடைய உதவியிலேயே பெரிய உதவி இதுவாகத்தான் இருக்கும்.

பாதியில் தானாக விலகி வந்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். தனிப்பட்ட விருப்பத்தின் பேரில் நடுவில் விலக, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அனுமதி கிடையாது. அப்படி அனுமதி கிடைத்து வந்தாலும் அரசின் பங்கு கிடைக்காது. பையனுக்கும் கல்யாணப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். நான்கு ஆண்டு முடியும்வரை திருமணம் கூடாது என்ற நிபந்தனையோடுதான் சேர்க்கிறார்கள். 'நிச்சயம் மட்டும் பண்ணி வெச்சிடலாமே' என்று அம்மா இழுத்தால், இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்வதே நல்லது. மாப்பிள்ளை ஊரில் இருப்பாரா காஷ்மீரில் இருப்பாரா என்பதே தெரியாமல் பெண் வீட்டார் எப்படி முடிவெடுப்பார்கள்?

பணம் கைக்கு வந்த பிறகும் ஓர் ஆபத்து உண்டு. மாதம் பத்து சதவீத வட்டி தருகிறோம் என்று சொன்ன நிதி நிறுவனங்களை நம்பிப் பணம் போட்டு வடமாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நின்றது சமீபத்துக் கதைதான். 22 வயதுப் பையன் கையில் 11 லட்சம் இருக்கிறது என்ற செய்தி ஊரில் பரவ ஒரு நாள் போதும்.

இருக்கப் பிடித்திருந்தால்

நிரந்தரப் பணிக்கான தேர்வு கடைசி மாதத்தில் நடக்கும் ஒரு நாள் பரீட்சை கிடையாது. நான்கு ஆண்டுப் பணியில் காட்டிய திறனையும் சேர்த்தே பார்ப்பார்கள் என்பது அரசே சொன்ன விதி. அதனால் மூன்றாவது வருட லீவில் 'ஃபயரிங் சுமார்' என்று சொல்கிற பையனிடம் பெரியப்பா சொல்ல வேண்டியது ஒன்றுதான்: திரும்பிப் போனதும் உன் ஹவில்தாரிடம் நேராகப் போய், எதில் குறைகிறேன் என்று கேள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பையன்கள் முதல் இரண்டு வருடம் இந்தி பயத்திலேயே வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்பது ஓய்வு பெற்றவர்கள் அடிக்கடி சொல்கிற புகார்.

லீவில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம். முப்பது நாள் பிரியாணியும் தூக்கமும் என்றால், திரும்பிப்போய் முதல் வாரமே மூச்சு வாங்கும். உத்திரமேரூர் ஏரிக்கரை சும்மாதானே கிடக்கிறது.

தேர்வானால் மேலும் குறைந்தது 15 ஆண்டு பணி. சிப்பாய், நாயக், ஹவில்தார், பிறகு நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று படிகள். ஊருக்குத் தெரிந்த பாதை இது ஒன்றுதான். தெரியாத இன்னொரு பாதையும் உண்டு. சிப்பாயாக இருப்பவரே அதிகாரி ஆகலாம்.

டேராடூனில் இந்திய ராணுவ அகாடமிக்குள்ளேயே ஆர்மி கேடட் கல்லூரி என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுருக்கமாக ஏ.சி.சி. 1929-ல் நவ்கோங்கில் கிச்சனர் கல்லூரியாகத் தொடங்கிய அமைப்பின் தொடர்ச்சி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குறைந்தது இரண்டு ஆண்டு பணி செய்து, 20 முதல் 27 வயதுக்குள் இருக்கும் படைவீரர்கள் இதற்கு எழுதலாம். எழுத்துத் தேர்வு, பிறகு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகம். தேறினால் மூன்று ஆண்டு படிப்பு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். பிறகு ஓர் ஆண்டு அகாடமிப் பயிற்சி, தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம். 27-ஐத் தாண்டிவிட்டவர்களுக்கு 28 முதல் 35 வயது வரை சிறப்பு ஆணைபெற்ற அதிகாரி என்ற தேர்வு தனியாக உண்டு.

22 வயதில் நிரந்தரமாகும் பையனுக்கு ஏ.சி.சி.க்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. இங்கிலீஷ்தான் தடை. அதை உடைக்க ஐந்து வருடம் போதாதா என்ன? ஆனால் யாராவது சொல்ல வேண்டும். பல யூனிட்டுகளில் ஒருவர் எழுதித் தேறிய பிறகுதான் மற்றவர்கள் 'அப்படி ஒண்ணு இருக்கா?' என்று விழிப்பார்கள்.

விளையாட்டும் ஒரு வழிதான். லால்குடி பக்கத்திலிருந்து ராணுவத்துக்குப் போன ஆரோக்கிய ராஜீவ் 400 மீட்டரில் 2014 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார், ஒலிம்பிக் தொடர் ஓட்டத்திலும் ஓடினார். கபடியிலோ ஓட்டத்திலோ மாவட்ட அளவில் ஆடிய பையன் அதை யூனிட்டில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தால் யாருக்கு லாபம்?

இந்தப் பக்கத்தை எழுதும்போது அம்மாவும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் ஒன்றும் பேச மாட்டார். பக்கத்து ஆந்திராவைச் சேர்ந்த அக்னிவீரர் முரளி நாயக் 2025 மே மாதம் எல்லைக் கோட்டருகே பாகிஸ்தான் குண்டுவீச்சில் உயிரிழந்தபோது, அந்தத் தாயின் முகத்தைத் தொலைக்காட்சியில் இவரும் பார்த்திருப்பார். அக்னிவீரர் பணத்தில் பிடிக்காமலேயே 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. அதைச் சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்த முடியாது. சொல்லாமல் மறைப்பதும் சரியில்லை. வாரிசுப் பெயர், வங்கிக் கணக்கு விவரம் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையில் தொடர்வதா என்பதைப் பெரியப்பாவோ மாமாவோ முடிவு செய்யக் கூடாததற்குக் காரணமும் இதுதான். எல்லையில் நிற்கப்போவது அவன்.

வந்துவிடலாம் என்று தோன்றினால்

ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் கிராமத்து முனை வரைக்கும் வருகின்றன. கூடப் படித்தவன் அங்கே கான்ட்ராக்டில் ஷிப்ட் பார்க்கிறான். 'எப்படியும் கம்பெனி இருக்குது' என்று பையனும் அலட்சியமாக இருந்துவிடுகிறான். நான்கு வருடம் கழித்து அவன் வந்து நிற்கும்போது கூட்டாளிக்கு நான்கு வருட அனுபவம் இருக்கும். இவனிடம் என்ன இருக்கும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு என்று 2022-லேயே உள்துறை அமைச்சகம் அறிவித்தது. முதல் அணிக்கு ஐந்து ஆண்டு, அடுத்து வரும் அணிகளுக்கு மூன்று ஆண்டு வயதுத் தளர்வும் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் சிவிலியன் பணிகளிலும் கடலோரக் காவல் படையிலும், 16 பொதுத்துறைப் பாதுகாப்பு நிறுவனங்களிலும் அதே 10 சதவீதம். அதில் ஒன்று நம் பக்கத்திலேயே, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனம். இந்த அளவுகள் படைக்குப் படை, ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அந்தந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இடஒதுக்கீடு என்பது வேலை உத்தரவு இல்லை, தேர்வு எழுதியாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கடற்படையிலிருந்து வருகிறவர்களுக்கு வணிகக் கப்பல் பணிக்கான வழிகளைக் கப்பல் துறை தனியாக அறிவித்திருக்கிறது.

தமிழ்நாடு காவல்துறையில் சேர ஆசை என்றால் எல்லோரையும் போலத்தான் எழுத வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் இப்போது தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். நான்கு வருடம் இந்தியில் பேசிப் பேசி 'ழ'வும் 'ள'வும் மறந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்! லீவு முடிந்து போகும்போது பையில் ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தால் சுமை கூடிவிடாது.

படிப்புதான் இந்தப் பக்கத்தின் கனமான வரி. பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று வாங்க வழி செய்திருக்கிறார்கள். பன்னிரண்டு முடித்தவர்களுக்கு இக்னோ பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. படையில் பெற்ற திறன் பயிற்சிக்கே பாதி மதிப்பெண் அலகுகள் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு மட்டும் பாடம் எழுதினால் போதும். பனிமலையில் டியூட்டி பார்த்துவிட்டு எங்கே படிப்பது என்று பையன் கேட்பான். நியாயமான கேள்விதான். எல்லா நாளும் முடியாது, சில மாதங்கள் முடியும். முடிகிற மாதங்களில் பதிவு செய்யாமல் விட்டால்தான் நஷ்டம். ஓட்டுநர் வேலை, ரேடியோ, கிடங்கு, சமையல் என்று எதில் பயிற்சி பெற்றாலும் அதற்கான சான்றிதழை உடனுக்குடன் வாங்கி, போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நான்காம் வருடக் கடைசியில் அலுவலகம் அலுவலகமாக அலைய முடியாது.

பட்டம் ஏன் என்பதற்குக் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஏனாத்தூரைப் பார்த்தால் போதும். 2024-ல் வந்த 'அமரன்' படத்தைப் பார்த்துவிட்டு ராணுவக் கனவு காணும் பிள்ளைகள் ஏராளம். அந்த மேஜர் முகுந்த் வரதராஜன் பி.காம். படித்தது ஏனாத்தூரில் உள்ள ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயாவில். பிறகு தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் டிப்ளமா. அதன்பின் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி, 2006-ல் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் லெப்டினன்ட். 2014 ஏப்ரலில் ஷோபியானில் வீரமரணம், அசோக சக்கரம். அவர் போன பாதை பட்டதாரிகளுக்கானது. சி.டி.எஸ். என்ற அந்தத் தேர்வை 24, 25 வயது வரை எழுதலாம். 22 வயதில் வெளியே வருகிற அக்னிவீரர் கையில் பட்டமும் இருந்தால், சிப்பாயாகப் போனவன் அதிகாரியாகத் திரும்பிப் போக அந்தக் கதவு இரண்டு மூன்று வருடம் திறந்தே இருக்கும். பட்டம் இல்லையென்றால் அது தெரியாமலேயே மூடிக்கொள்ளும்.

பெண் பிள்ளைகள் வீட்டிலும் இந்த நோட்டு தேவைப்படும் நாள் வந்துவிட்டது. 2023 மார்ச் 28 அன்று ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி முடித்து வெளியேறிய கடற்படையின் முதல் அக்னிவீரர் அணியில் 273 பேர் பெண்கள். ராணுவத்தில் ராணுவ போலீஸ் பிரிவிலும் பெண்களைச் சேர்க்கிறார்கள். அண்ணன் லீவில் வரும்போது தங்கச்சிதான் அதிகக் கேள்வி கேட்கிறாள் என்றால், அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'எனக்கு டெல்லியில ஆள் இருக்காரு, பர்மனென்ட் லிஸ்ட்ல பேரைச் சேத்துடலாம், ரெண்டு லட்சம் ஆகும்' என்று யாராவது வந்தால் டீ கூட வாங்கிக் கொடுக்க வேண்டாம். அந்தப் பட்டியலுக்குப் பணம் வாங்கும் கவுன்ட்டர் எங்கும் இல்லை.

லீவு முடிகிற நாள். அம்மா முறுக்கு டப்பாவையும் மிளகாய்ப் பொடியையும் பையில் திணிக்கிறார். யூனிட்டில் தமிழ்ப் பையன்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரியப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறார். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார். அதில் மூன்றே வரிகள்: இக்னோ பதிவுக்குக் கடைசித் தேதி. ஹவில்தாரிடம் ஃபயரிங் பற்றிக் கேட்கணும். வீட்டில் சேவா நிதி விஷயம் நான் பேசிட்டேன்.

"போய்ச் சேந்ததும் போன் பண்றா."

"சரி பெரியப்பா."

"ஃபயரிங்..."

"கேக்கறேன் பெரியப்பா."

பஸ் கிளம்புகிறது. அடுத்த லீவு பொங்கலுக்கா, அதற்கும் பிறகா என்பதை அவனுடைய யூனிட்தான் சொல்ல வேண்டும்.